ஐந்து பேர், பதினைந்து பேர்

கணிதம், அறிவியல், ஆங்கிலம் என எல்லாவற்றிலும் நல்ல தேர்ச்சி காட்டும் முஸ்லிம் பள்ளிகள் இந்த நாட்டில் பெருகி வருகின்றன. சில அரசுப் பள்ளிகள், பல தனியார் பள்ளிகள். குர்ஆன் மனனமும் எஸ்.பி.எம். அறிவியல் பிரிவும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. பல இனம் வாழும் நாட்டில் ஒரு சமூகம் தன் பிள்ளைகளை இப்படித் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்கவைப்பது சரியா? பத்தாங் காலியில் நண்பர்களிடம் இதைக் கேட்டால் பலர் யோசிக்காமல் 'சரியில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

சட்டப்படி இதில் கேள்வியே இல்லை. எந்தச் சமயக் குழுவும் தன் பிள்ளைகளுக்குத் தன் சமயத்தைக் கற்பிக்க நிலையங்களை அமைக்கலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமை எல்லாச் சமயங்களுக்கும் உண்டு. எனக்கு இருப்பது அறம் சார்ந்த கேள்வி. உரிமை இருக்கிறது, சரி. அந்த உரிமையைப் பயன்படுத்தும் பள்ளி, தன் வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா?

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். உலு சிலாங்கூரிலிருந்து கோலசிலாங்கூர் வரை பால்மரமும் செம்பனையும் நின்ற தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் எப்படி வந்தன? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஓர் அறை, ஒரு கரும்பலகை. வாத்தியார் கிடைக்காத இடத்தில் கிராணியோ கங்காணியோ பாடம் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றபடி பிள்ளை வளர்ந்ததும் அப்பன் வெட்டிய மரத்தையே வெட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதுவும் தனிப் பள்ளிதான். ஆனால் தனியாக இருப்போம் என்று அங்கே முடிவெடுத்தவர்கள் நாம் இல்லை. லயத்துப் பிள்ளை லயத்திலேயே கிடக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு அது.

பிறகு அதே பள்ளியை நாம் நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது பள்ளிக்கு நிலம் கேட்டு அலைந்தோம். 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளையும் மூடவிடாமல் காப்பாற்றினோம். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சிலர் வழக்கு போட்டபோது, 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்காததைக் கொண்டாடினோம். 'ஒரே பள்ளியில் படித்தால்தான் ஒற்றுமை வரும்' என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் அதே வாக்கியத்தை முஸ்லிம் பள்ளியைப் பார்த்து நாம் சொல்ல முடியாது. சொன்னால் அது ரெண்டு படி அளவு, கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று.

தனியாகப் படிப்பது தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. தனிமை யார் விருப்பத்தில் வந்தது, அது பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். கல்வித் தரம் இங்கேதான் அறம் சார்ந்த விஷயமாகிறது. தரம் இல்லாத தனிப் பள்ளி பிள்ளையை அடைத்து வைக்கிறது. தரம் உள்ள தனிப் பள்ளி குறைந்தபட்சம் ஏணியாகவாவது இருக்கிறது.

இதை நம் மொழியில் ஏற்கெனவே யோசித்த ஒருவர் இருக்கிறார். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியவர். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' (1885) அவர் எழுதியது. அன்றைய இலங்கையில் நல்ல ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளில் இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் அங்கே அனுப்பத் தயங்கினார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை ஒரு தலைமுறையின் படிப்பு. மார்க்கத்தையும் விட வேண்டாம், படிப்பையும் விட வேண்டாம், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று சித்திலெப்பை எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த அராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் துணை நின்றார்கள். 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னால் ஸாஹிராக் கல்லூரி ஆனது.

1921 முதல் டி.பி.ஜாயா அதன் தலைவராக இருந்து அதை நாட்டின் முக்கியமான பள்ளிகளில் ஒன்றாக வளர்த்தார். 1948இல் அந்தப் பொறுப்புக்கு ஏ.எம்.ஏ.அஸீஸ் வந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர், இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிம் பையன் முஸ்லிம் கல்லூரியின் அதிபரானார். அந்தக் கல்லூரியில் மற்றவர்களுக்கும் இடம் இருந்தது. கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தார், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். தமிழ் விமர்சனத்தை வாசிக்கும் நம்மில் பலருக்கு சிவத்தம்பியைத் தெரியும். அவரை வளர்த்த இடங்களில் ஒரு முஸ்லிம் பள்ளியும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் அது ஏமாற்று. அஸீஸ் படித்த அதே யாழ்ப்பாணத்திலிருந்து 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தமிழ் பேசிய மக்கள்தான், தமிழ் பேசிய மக்களை. இந்துக் கல்லூரி முஸ்லிம் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட வரலாறு அதைத் தடுக்கவில்லை. நல்ல பள்ளி ஒரு சமூகத்தைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. பள்ளியால் முடிவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையாவது அது செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரில் இன்னொரு கதை உண்டு. தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்கள், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் வழியாக 1946இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். நபிகளின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாக, சீறாப்புராணமாகப் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியானது. சிங்கப்பூரில் தமிழில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். தமிழில் மேலே படிக்க நினைத்த பிள்ளை, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அங்கேதான் போக வேண்டும். ஆங்கிலவழிக் கல்வியின் பக்கம் எல்லாரும் சாய்ந்த பிறகு பிள்ளைகள் குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. பெயர் மட்டும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது.

இந்த இரண்டு பள்ளிகளும் ஒன்றைக் காட்டுகின்றன. தன் சமூகத்துக்கென்று கட்டிய பள்ளி, தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், காலப்போக்கில் அடுத்தவனுக்கும் உதவும். கதவைத் திறந்து வைத்திருந்தால் மட்டும்.

'இதெல்லாம் சிறுபான்மையின் கதை. இங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை. பெரும்பான்மைக்கு எதுக்கு அடைக்கலம்?' என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. சித்திலெப்பையின் பயம் இங்கே யாருக்கும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேசியப் பள்ளியிலேயே இஸ்லாமியக் கல்வி பாடமாக இருக்கிறது. 1977 முதல் அரசே தேசிய சமய இடைநிலைப்பள்ளிகளை நடத்துகிறது. பிள்ளைக்கு மதியத்தில் சமயப் பள்ளியும் உண்டு. பிறகு ஏன் இன்னொன்று?

பதில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. நான் வழக்கமாகப் பசியாறும் கடையின் முதலாளி தமிழ் முஸ்லிம். அவர் தாத்தா தோட்டத்துக்கு சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்றவர். மகளைத் தனியார் இஸ்லாமியப் பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். மாதக் கட்டணம் அவருக்குக் கனம்தான்.

"ஏன் பாய், இருக்குற ஸ்கூல் நல்லாத்தான இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் தம்பி இருக்கு. காலைல ஒரு ஸ்கூல், மதியம் ஒரு ஸ்கூல். காலைல படிக்கிறவ வேற ஆளு, மதியம் ஓதுறவ வேற ஆளுன்னு ஆயிடுது. ரெண்டும் ஒரே எடத்துல நடந்தா புள்ள ஒரே ஆளா இருக்கும்ல?"

"தமிழ்?"

கல்லில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார். "அது வீட்ல பேசுறதுதான். எழுத வராது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புனா 'பாய் வீட்டுப் புள்ள ஏன் இங்க'ங்குறாங்க. அந்தப் பக்கம் போனா 'இந்தியன்'ங்குறாங்க. எங்க புள்ளைங்க ரெண்டு பக்கமும் பாதி ஆளுதான் தம்பி."

பிள்ளை ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற அவர் ஆசையில் நான் குறை காண மாட்டேன். அறிவு ஒரு பெட்டி, ஒழுக்கம் ஒரு பெட்டி என்று பிரித்து வளர்ப்பது மனிதனுக்கு நல்லதில்லை என்பதை எந்தச் சமயத்துக்காரரும், சமயம் இல்லாதவரும்கூட ஒப்புக்கொள்வார். பெரும்பான்மைப் பெற்றோருக்கும் அந்த ஆசைக்கு உரிமை உண்டு. ஆனால் பெரும்பான்மை ஒதுங்கும்போது ஒன்று நடக்கிறது. பொதுவாக இருந்த இடம் சுருங்குகிறது. சிறுபான்மை தன் பிள்ளைகளைத் தனியாக வைத்தாலும், வேலைக்கும் அலுவலகத்துக்கும் மேற்படிப்புக்கும் பெரும்பான்மையின் மொழியையும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். பெரும்பான்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோயில் கொடிமரத்தையோ சீனர் வீட்டு ஊதுபத்திச் சாம்பலையோ அருகில் பார்க்காமலே ஒரு பிள்ளை டாக்டர் ஆகிவிடலாம். அதனால் ஒரே காரியம் என்றாலும் பலமுள்ளவன் செய்யும்போது பொறுப்பு கூடுகிறது.

அந்தப் பொறுப்பை எதை வைத்து அளப்பது? தேர்வு முடிவை வைத்து அளக்க முடியாது. இங்கிலாந்தில் யூசுப் இஸ்லாம், ஒரு காலத்தில் கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடியவர், 1983இல் லண்டனில் இஸ்லாமியா பள்ளியைத் தொடங்கினார். 1998இல்தான் அதற்கு அரசுப் பணம் கிடைத்தது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, யூதப் பள்ளிகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாமதம் அநீதி. பிளாக்பர்னில் உள்ள தவ்ஹீதுல் பெண்கள் பள்ளி தேசியத் தரவரிசையின் உச்சியில் வந்திருக்கிறது. அதே பிளாக்பர்ன், ஆசிய முஸ்லிம்களும் வெள்ளையரும் தனித்தனித் தெருக்களில் வாழும் ஊர் என்று பேசப்படும் ஊர். பிரிவைப் பள்ளி உண்டாக்கவில்லை. ஆனால் மதிப்பெண் எவ்வளவு ஏறினாலும் அந்தப் பிரிவு தானாகக் குறைந்துவிடாது.

சிங்கப்பூர் அரசு வேறு வழியில் அளந்தது. 2000ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபோது, மதரஸாக்கள் அழிந்துவிடுமோ என்று அங்குள்ள முஸ்லிம்கள் கலங்கினார்கள். கடைசியில் மதரஸா மாணவர்களுக்கு விலக்கு கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை மதரஸாக்கள் எட்ட வேண்டும். பிள்ளை நாளைக்குப் பிழைக்க வேண்டும் என்பது அரசின் வாதம். பிள்ளை நாளைக்கும் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது சமூகத்தின் வாதம். இரண்டுமே பிள்ளைக்காகத்தான். இதை நம் நாட்டில் 2002 இறுதியில் நடந்ததோடு ஒப்பிடலாம். மக்கள் நடத்திய சமயப் பள்ளிகள் அரசியலுக்குப் பயன்படுகின்றன, தேர்ச்சியும் குறைவு என்று சொல்லி மகாதீர் அரசு தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. தேர்ச்சி குறைவு என்றால் உதவியைக் கூட்டுவதா குறைப்பதா? நம் தோட்டப் பள்ளிகளுக்கும் நெருக்கமான கேள்வி இது. நம்மில் எத்தனை பேர் அன்று அந்தப் பள்ளிகளுக்காக வாய் திறந்தோம்?

இனி பாய் சொன்ன 'பாதி ஆள்' விஷயத்துக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு கல்வி நிலையத்தில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி தர வேண்டும். தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வேண்டுமானால் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். ஒரு தமிழ் முஸ்லிம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் மார்க்கத்துக்கு ஐந்து பேர் போதும், மொழிக்குப் பதினைந்து பேர் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் மொழி இருக்கும், ஐந்து பேர் சேர்வது கடினம். தேசியப் பள்ளியில் மார்க்கம் இருக்கும், பதினைந்து பேர் சேர்வது கடினம். தனியார் இஸ்லாமியப் பள்ளியில் இந்தப் பதினைந்தைக் கேட்கவும் யாரும் இல்லை.

இங்கே நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்டு அளவில் நாம் சிறுபான்மை. தமிழுக்குள் நாம், அதாவது இந்துக்களாகப் பிறந்தவர்கள், பெரும்பான்மை. பெரும்பான்மை செய்யும் எல்லாவற்றையும் நாமும் செய்கிறோம். நான் படித்த தமிழ்ப்பள்ளியில் காலைச் சபை தேவாரத்தோடுதான் தொடங்கும். வரிசையில் நின்ற ஒரு முஸ்லிம் பையனும் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்களுக்காக யாரும் எதையும் மாற்றியதும் இல்லை. தமிழ்ப்பள்ளி என்றால் இந்துப் பள்ளி என்று எழுதாமலே ஒரு சட்டம் இருந்தது. பாய் வீட்டுப் பிள்ளை ஏன் தமிழ்ப்பள்ளிக்கு வரவில்லை என்று கேட்பதற்கு முன், வந்த பிள்ளையை நாம் எங்கே நிறுத்தினோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

2019இல் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் காட், அதாவது ஜாவி எழுத்தழகு, சில பக்கங்கள் வந்தபோது எவ்வளவு பெரிய எதிர்ப்பு! நம்மைக் கேட்காமல் நம் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள் என்பதில் எனக்கும் கோபம் இருந்தது. அந்தக் கோபம் சரிதான். ஆனால் கூடவே, அரபு எழுத்து என்றால் ஏதோ நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று என்ற பேச்சும் கிளம்பியது. பல நூற்றாண்டுகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள் தமிழர்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் அதில் நூல்கள் எழுதினார்கள். அந்தப் பேச்சு நடந்த நாட்களில் இதை எடுத்துச் சொன்ன குரல்கள் மிகக் குறைவு. தமிழ்ப்பள்ளியில் இதைக் கற்பித்திருந்தால் அந்த எதிர்ப்பு இன்னும் தெளிவான எதிர்ப்பாக இருந்திருக்கும்: எழுத்தை எதிர்க்கவில்லை, திணிப்பை எதிர்க்கிறோம் என்று.

ஆகவே என் நிலைப்பாடு இது. முஸ்லிம் பள்ளிகள் வரட்டும். நன்றாகப் படிக்கவைக்கும் பள்ளிகளாக வரட்டும். தமிழ்ப்பள்ளியை ஆதரிக்கும் எவரும் இதை எதிர்க்க நியாயம் இல்லை. ஆனால் எந்தத் தனிப் பள்ளியையும், நம்முடையதையும் சேர்த்து, அதற்குள் இல்லாத பிள்ளைகளைப் பற்றி அது உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருகிறது என்பதை வைத்து அளக்க வேண்டும்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியின் சுங்கை ரெமோக் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளிகளை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். குடும்பங்கள் நியாயம் கேட்டு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் தோற்றுத் திரும்பின. இறந்தவர்கள் நம் தாத்தாக்களைப் போலப் பால்மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். சீனப்பள்ளிப் பிள்ளைக்கு இது அவன் தாத்தாவின் கதை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கும் சமயப் பள்ளிப் பிள்ளைக்கும் இது யார் கதை? இந்த ஊரில் புதிதாக ஒரு இஸ்லாமியப் பள்ளி வந்தால், அதன் எஸ்.பி.எம். முடிவைக் கேட்பதற்கு முன் நான் இதைத்தான் கேட்பேன். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று ஓதும் பள்ளிக்கு, பக்கத்தில் கொல்லப்பட்ட 24 பேரைப் பிள்ளைகளிடம் சொல்ல வெளியிலிருந்து காரணம் தேட வேண்டியதில்லை. திருக்குறள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அப்படியே.

நடைமுறையில் செய்ய முடிந்தது என்ன என்று கேட்டால் இரண்டு சொல்வேன். தமிழ் முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்க்கும் இஸ்லாமியப் பள்ளிகள், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தமிழ் எழுத்தைக் கற்பிக்கலாம். தனியார் பள்ளிக்குப் பதினைந்து கையெழுத்து தேவையில்லை, ஓர் ஆசிரியர் போதும். பாடம் தொடங்க உமறுப் புலவர் இருக்கிறார். தமிழ்ப்பள்ளிகள் காலைச் சபையில் எல்லாப் பிள்ளைகளும் வாய் திறந்து பாடக்கூடிய ஒன்றைப் பாடலாம். தேவாரத்தைச் சமய வகுப்பில் நன்றாகவே சொல்லிக்கொடுக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. இதற்கு ஐந்து பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரிசையில் ஒரு பையன் நின்றாலே போதும்.